வலப்பக்கத்துச் சிலுவைக்காரன்

சவரிநாதன் இறந்த செய்தி எனக்கு என் மகள் வழியாகத்தான் வந்தது. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. என் மகள் அமலா இருப்பது சென்னையில். தை மாதக் கடைசி, சம்பா அறுவடை நேரம். நான் நெல் கொள்முதல் நிலையத்தில் என் மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்தால் மறுமுனையில் ஒரே அழுகை. "அப்பா, கள்ளன் மாமா போயிட்டாராம்ப்பா. டிராக்டர்லேருந்து இறங்கினவரு அப்படியே உக்காந்துட்டாராம்." வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னைக்கே பஸ் ஏறுறேன்" என்று வைத்துவிட்டாள். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது இதே மகள், "உடம்பைப் பாத்துக்கப்பா" என்று குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். லீவு கிடைக்கவில்லையாம்.

செத்தவன் மேல் பொறாமைப்படுகிறவன் உருப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். நம் கோயில் வெளியிடும் பங்கு மடலில் அவனைப் பற்றி எழுதித் தரும்படி உபதேசியார் சொன்னபோது நானும் அதையேதான் யோசித்தேன். முப்பது வருஷப் பொறாமை. ஆளோடு அதுவும் போய்விடும் என்று பார்த்தேன், போகவில்லை. நான் பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் உபதேசியார் திருத்தட்டும். பொறாமையை மட்டும் திருத்த வேண்டாம்.

நம் கோயில் மைதானத்தில் புனித வெள்ளியன்று நடக்கும் பாஸ்கா உங்களுக்குத் தெரியாததல்ல. வெளியூரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இயேசுவைப் பிடித்து, விசாரித்து, சிலுவையில் அறைவது வரை நாடகமாகவே நடத்துவோம். அதில் நான் பிலாத்து, மரண தண்டனை விதிக்கும் ரோமை ஆளுநர். நாலு பக்கம் வசனம், ஜரிகை அங்கி, இந்தப் பழி எனக்கில்லை என்று கை கழுவப் பித்தளைக் கிண்ணம். சவரிநாதன் இயேசுவுக்கு வலப்பக்கத்துச் சிலுவையில் தொங்கும் நல்ல கள்ளன். அவனுக்கு வசனம் மூன்றே வரி. தொண்டை கிழியத் தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் இறங்கினால் முன்வரிசைக் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அவன் தலையை மெல்லச் சாய்த்து, இடப்பக்கத்துச் சிலுவையில் தொங்கும் இன்னொரு கள்ளனிடம், "நாம் செய்ததற்கு நமக்கு இது நியாயந்தான். இவர் என்ன செய்தார்?" என்பான். மைதானமே மூக்கைச் சிந்தும்.

அமலாவுக்கு ஆறு வயதாகும்போது முதல் முறையாக முழு நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் ஊட்டிய சோற்றைத் துப்பினாள். "நீ ஏன் அந்த மாமாவைக் கொல்லச் சொன்ன?" நான் கொல்லச் சொன்னது இயேசுவை, கள்ளர்கள் வழக்கு என்னிடம் வரவே இல்லை என்று எவ்வளவோ விளக்கினேன். கேட்கவில்லை. மறுநாள் காலையில் சவரியே வந்து வாசலில் நின்றான். காதோரம் சாயம்கூடப் போகவில்லை. "இந்தா பாரு, கள்ளன் மாமா உசுரோடதான் இருக்கேன். கிள்ளிப் பாரு." அவள் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். என்னோடு பேச அதற்கப்புறம் இரண்டு நாள் ஆயிற்று.

மற்ற நடிகர்கள் கயிற்றைத் தளர்த்திக் கட்டச் சொல்வார்கள். இவன் இறுக்கச் சொல்வான். "தளந்து இருந்தா நடிக்கணும் மாப்ள. இறுக்கிட்டா நடிக்க வேணாம்" என்பான். சிலுவையை விட்டு இறக்கும்போது இரண்டு மணிக்கட்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். அவன் மனைவி ரீட்டா தேங்காய் எண்ணெய் தடவுவாள். சரி, தடவட்டும். ஒரு வருஷம் என் மனைவியும் ஒரு கிண்ணம் எண்ணெயோடு போய் நின்றாள். தொண்டை கட்டிப்போன எனக்கு ஒரு வாய் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. 

திரைக்குப் பின்னால் நான் கிண்ணத்தில் தண்ணீர் சரிபார்க்கும்போதெல்லாம், இடுப்புத் துண்டோடு நின்றுகொண்டு ஒன்று சொல்வான். ஒரு வருஷம் தவறியதில்லை. "நல்லாக் கழுவு மாப்ள. தண்ணி பத்தலன்னா சொல்லு, வெண்ணாத்துலேருந்து மோட்டார் போட்டுத் தரேன்."

இப்படியே சிரித்துக்கொண்டு வயதாகியிருப்போம். அவன் தம்பி ஆரோக்கியத்துக்கு நடந்தது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. வரப்புத் தகராறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து மோட்டார் கொட்டகையில் படுத்திருந்த ஆரோக்கியத்தையும் அவன் மனைவியையும், அடுத்த வயல்காரன் வெளியே தாழிட்டுத் தீ வைத்துவிட்டான். சவரிதான் முதலில் ஓடினான். இரண்டு பேரையும் காப்பாற்ற முடியவில்லை. தாழ்ப்பாளைத் தொட்ட கை வெந்துபோய், அந்த வருஷப் பாஸ்காவில் கட்டுப்போட்ட கையோடு தொங்கினான். வேறு ஆளைப் போடலாம் என்றோம். கேட்கவில்லை.

வழக்கு நடந்து, அடுத்த வயல்காரனுக்குத் தூக்கு என்று கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. நான் என் உரக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். அந்தப் பக்கமாக வந்த சவரிக்கும் ஒரு கிளாஸ் நீட்டினேன். வாங்கிப் பக்கத்து மூட்டை மேல் வைத்தான். ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரேன் மாப்ள" என்று போய்விட்டான். நியாயத்தைக் கொண்டாடத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவன் வீட்டில் அன்பியக் கூட்டம். நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபம் சொல்லும் அந்தக் கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும் ஒரு மனுவை எடுத்தான். தூக்கு வேண்டாம், ஆயுள் போதும் என்று இறந்தவர்களின் குடும்பமும் ஊரும் கேட்பதாக எழுதியிருந்தது. வக்கீல் மூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கும்பகோணத்தில் வேறு சபைக்குப் போகும் என் மச்சினன் பைபிள் வசனம் வசனமாக என் போனுக்கு அனுப்பி வைத்திருந்தான். எழுந்து நின்றேன். பிலாத்துக் குரல் தானாகவே வந்தது.

"சாமி, நோவாகிட்ட கடவுள் என்ன சொன்னாரு? ரத்தத்துக்கு ரத்தம்னாரா இல்லியா? அதிகாரி வாளைச் சும்மா தூக்கிக்கிட்டு அலையலன்னு பவுல் எழுதினாரா இல்லியா?"

பங்குச் சாமியார் கோபப்படவில்லை. "எழுதினாருதான் அந்தோணி. காயின் தம்பியைக் கொன்னப்ப, இவனை யாரும் கொல்லக் கூடாதுன்னு கடவுள் ஒரு அடையாளம் போட்டாரே, அதையும் உங்க மச்சினரை அனுப்பச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் சிரிக்காமல் தொடர்ந்தார். "நம்ம திருச்சபையே ரொம்ப காலம் அரசாங்கத்துக்கு அந்த உரிமை உண்டுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஒத்துக்கிறேன். இப்ப எந்த நிலைமையிலயும் கூடாதுன்னு ரோமாபுரியிலயே திருத்தி எழுதிட்டாங்க."

"திருத்தி எழுதினா ஆரோக்கியம் எந்திரிச்சு வருவானா?" என்றேன். சிரிப்பு நின்றது. அதோடு நானும் நிறுத்தியிருக்கலாம். சவரி பக்கம் திரும்பி, "டேய், ஊருக்கு முன்னாடி வருஷா வருஷம் நீயே சொல்றியேடா, நமக்கு இது நியாயந்தான்னு! நல்ல கள்ளனே தூக்கு நியாயம்னு ஒத்துக்கிட்டான். அப்புறம் உனக்கு என்னடா வந்துச்சு?" என்று கேட்டேன். மச்சினன் கொடுக்காத, நானே கண்டுபிடித்த பாயிண்ட் அது. உள்ளூர எனக்குப் பெருமை.

சவரி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான். "தொங்குறவன் சொல்லலாம் மாப்ள. கீழ நிக்குறவன் சொல்லக் கூடாது."

ரீட்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கேட்டது கெட்டிக்காரக் கேள்வி. அவன் சொன்ன ஒரு வரியில் அது ஓட்டை விழுந்த சாக்குபோல் ஆகிவிட்டது. மறுபடியும் மூன்றே வரிக்காரன் நாலு பக்கத்துக்காரனை அடித்துவிட்டான்.

பிறகு பேனாவை என்னிடம் நீட்டினான். "மொத கையெழுத்து இடத்தை உனக்குத்தான் விட்டிருக்கேன். நான் ரெண்டாவதா போட்டுட்டேன். பிலாத்து போடாம எந்தத் தீர்ப்பும் செல்லாதுல்ல?" மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கேலி செய்கிறான் என்று தோன்றியது. "என் மனசாட்சி இடம் கொடுக்கல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் மனைவி இருந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்த அமலா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே அவன் வீட்டுக்குப் போய்ப் போட்டாள். மனு என் இடம் காலியாகவே போயிற்று.

உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. மனுவால்தான் என்று வக்கீல்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஊர் சவரியைப் புனிதராகவே ஆக்கிவிட்டது. அதை அவனே கெடுத்துக்கொண்டான் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வயல்காரனின் அம்மா எதிரே வந்தால் இவன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போவான். சிறைக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று சாமியார் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டான். ஒரு நாள் நான் கேட்டேன், "அவனை மன்னிச்சிட்டியாடா?"

"யாரு சொன்னா? காலையில எந்திரிச்சா தம்பி மூஞ்சி வருதோ இல்லியோ, அவன் மூஞ்சி வந்துடும். வயிறு எரியும். ஆனா கயித்துல தொங்குறது எப்படி இருக்கும்னு எனக்கு வருஷம் ஒரு நாள் கொஞ்சம் தெரியும். அதைத் தெரிஞ்சவன் வாயால இன்னொருத்தனுக்குக் கேக்க வரல. அவ்வளவுதான்."

பேச்சில்கூட ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு பெருந்தன்மை இல்லை. மகானாக இருந்திருந்தால் என் பொறாமை கும்பிட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும். என்னைப் போலவே வயிறெரிகிறவன், என்னால் முடியாததைச் செய்துவிட்டுப் போனான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடக்கத்தன்று அமலா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் செத்தால் இப்படி உட்காருவாளா என்ற நினைப்பு வந்தது. வந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது, ரீட்டா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, இதை உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி ரொம்ப நாளா வச்சிருந்தாரு." அந்த மனுவின் ஜெராக்ஸ். ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே வெற்றிடம். இரண்டாவது வரியில் சவரியின் கோணல் கையெழுத்து. "ஏம்மா, என்னைக் கேலி பண்ணத்தானே அந்த எடத்தை விட்டான்?" என்று கேட்டேன். ரீட்டா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கேலியா? நீங்க கோவிச்சுக்கிட்டுப் போன மறுநாளே வக்கீல் பேப்பர் கேட்டாரு. அந்தோணி வந்துடுவான், ரெண்டு நாள் பொறுங்கன்னு இவருதான் கெஞ்சிக்கிட்டு இருந்தாரு."

இதை எழுதத் தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசியில்தான் வாய் வருகிறது. நான் கையெழுத்துப் போடாததற்கு நோவாவும் காரணமில்லை, பவுலும் காரணமில்லை. மனசாட்சி என்று சொன்னது சுத்தப் பொய். அவனுக்கே மறுபடியும் ஊர் அழுமே என்றுதான் போடவில்லை. ஒரு மனுஷன் உயிர் அந்தக் காகிதத்தில் இருந்தது. நான் என் கிண்ணத்தைத் தேடிப் போய்விட்டேன்.

போன வாரம் பாஸ்கா ஒத்திகைக்கு உபதேசியார் கூப்பிட்டார். பிலாத்து வேண்டாம், வலப்பக்கத்துச் சிலுவையைக் கொடுங்கள் என்றேன். அவர் என் வயிற்றை மேலும் கீழும் பார்த்தார். "சிலுவை தாங்குமாண்ணே?" தச்சரை அழைத்துவந்து கால்மிதிக் கட்டையை மாற்றச் சொல்லியிருக்கிறோம். அங்கியும் கிண்ணமும் வேறு ஒருவரிடம் போய்விட்டன. 

ஒத்திகையில் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வந்தார்கள். இறுக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. கீழே புதுப் பிலாத்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னையறியாமல் மேலே இருந்து கத்தினேன்: "நல்லாக் கழுவுங்க! பத்தலன்னா வெண்ணாத்துலேருந்து மோட்டார் போட்டுத் தரேன்!" யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னால்தான் சிரிப்பார்கள் போலிருக்கிறது.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு காலி வரியும் மூன்று வரி வசனமும். காலி வரியில் இனிக் கையெழுத்துப் போட்டுப் பயனில்லை. அதை அப்படியே மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். வசனத்தைப் புனித வெள்ளியன்று சொல்லப் போகிறேன். நீங்கள் அழுதால் அது அவனுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அழுங்கள். "நாம் செய்ததற்கு நமக்கு இது நியாயந்தான்" என்பதை மட்டும் நான் எனக்காகச் சொல்லிக்கொள்வேன். தொங்குகிறவன் சொல்லலாம்.