ஒதில் இழுத்த அலிகோ

மசித்த உருளைக்கிழங்குக்குத் தன்னைக் கிண்டுவது ஆணா பெண்ணா என்று தெரியுமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

தெரியும் என்று அடித்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. பிரான்சில், ஒப்ராக் மேட்டில், கருங்கல் சுவரும் கனத்த பலகை மேசையுமாக நிற்கும் ஒரு மலைவிடுதியின் முதலாளி ரெஜிஸ் வெசாத். அங்கே ஜனங்கள் மலையேறி வருவதே அலிகோ தின்னத்தான். மசித்த கிழங்கில் வெண்ணெய், பாலேடு, பூண்டு சேர்த்து, தோம் என்ற இளம் பாலாடைக்கட்டியைப் போட்டு அடிக்க வேண்டும். பதம் வந்தால் மரக்கரண்டியைத் தூக்கும்போது அதுவும் நாடாபோலக் கூடவே எழும். நடுவில் அறுந்தால் விடுதியின் மானம் போயிற்று.

ஞாயிறு மதியம் செப்புப் பானை கூடத்துக்கு வரும். ரெஜிஸ் நாற்காலிமேல் ஏறி, கரண்டியை உத்தரம்வரை தூக்குவார். கைதட்டல் பறக்கும்.

"நாலு தலைமுறையா எங்க வம்சத்து ஆம்பளக் கைக்குத்தான் இது நீளுது. பொம்பள கை பட்டா அறுந்துரும்!" என்பார்.

அந்தப் பானையை அரைமணி நேரம் அடித்து முடித்துவிட்டு, சமையற்கட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள் ஒதில் பிராதால். ஐம்பத்தெட்டு வயது, குள்ளம். வேலை பார்த்த பால்பண்ணை மூடியதும் இங்கே வந்தவள். இருபத்தாறு வருஷமாக அடித்து அடித்து அவளுடைய வலது தோள் இடதைவிடப் பருத்துவிட்டது. எந்தக் கோட்டும் ஒரு பக்கம் இறுக்கும், ஒரு பக்கம் தொங்கும். "எனக்கு ரெண்டு கடையில பாதிப் பாதியா வாங்கணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு வராது. வாசலில் தொங்கும் கரும்பலகையில் 'ரெஜிஸின் அலிகோ' என்று இருக்கும். வசந்தகாலத்தில் அவள் நேராகவே கேட்டாள்: "மொதலாளி, அதுல என் பேரை எழுதுங்க."

"உன் பேரப் பாத்தா அலிகோ பயந்து கட்டியாயிரும் ஒதில்," என்றார் ரெஜிஸ்.

அக்டோபரில் அலிகோ சகோதரர் கழகத்தார் வந்தார்கள். பச்சை அங்கி, தட்டைத் தொப்பி, மார்பில் நாடா. எட்டுப் பேர், எட்டும் நல்ல தொப்பை. மாவட்டத்தின் சிறந்த கைக்கு ஆண்டுதோறும் பதக்கமும் சான்றிதழும் தருவது அவர்கள் வழக்கம். தலைவர் அர்மான் கேசாக், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ரெஜிஸ் நாற்காலியில் கால் வைத்ததும் கேசாக் கையைத் தூக்கினார்.

"இரு ரெஜிஸ். போன வருஷம் ஒருத்தன் பொட்டலப் பொடியக் கரைச்சுக் குடுத்து எங்கள ஏமாத்திட்டான். இனிமே கிழங்கு மசிக்கிறதுலேர்ந்து எல்லாம் எங்க கண்ணு முன்னால நடக்கணும். யாரு கைக்குப் பதக்கமோ அந்தக் கைதான் செய்யணும்."

ரெஜிஸின் முகம் பாலேடு மாதிரி வெளுத்தது. கூடத்திலேயே அடுப்பு மூட்டினார்கள். மசிப்பது வரைக்கும் சமாளித்தார். பிறகு, சாமான் எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் வந்து நின்ற ஒதில் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்: "தீ எவ்வளவு இருக்கணும்?"

"நாலு தலைமுறைக் கைக்குத் தெரியாததா மொதலாளி?"

"வெளையாடாத ஒதில்!"

"பலகையில என் பேரு. சரின்னு இப்பவே சத்தமாச் சொல்லுங்க, சொல்லித் தர்றேன்."

ரெஜிஸ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவசரத்தில் தோம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டித் தீயை ஏற்றினார். பானை தளதளவென்று கொதித்தது. நெய் பிரிந்து மேலே மிதந்தது, பாலாடைக்கட்டி ரப்பர் உருண்டையாகக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. நாற்காலியில் ஏறித் தூக்கினார். உருண்டை பொத்தென்று விழுந்து கேசாக்கின் அங்கியில் தெறித்தது.

"ஒதில் நிழல் பானையில விழுந்துருச்சு! அதான்!" என்று கத்தினார் ரெஜிஸ்.

மூடநம்பிக்கையின் சாமர்த்தியம் இதுதான். தோற்ற மறுநொடியே அதற்கு வேறொரு காரணம் கிடைத்துவிடும். அந்தக் காரணமும் ஒரு பெண்ணின் தலையில்தான் விடியும்.

ஒதில் புதுப் பானை ஏற்றினாள். தீயைத் தணித்தாள். தோமைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்தாள். பதம் கூடிவந்ததும் கரண்டியை, சாப்பிட வந்திருந்த தபால்காரி மரீசிடம் நீட்டினாள்.

"நீ தூக்கு."

"அய்யோ அக்கா, நான் வீட்ல முட்டையே ஒழுங்கா அவிக்க மாட்டேன்!"

"சும்மா தூக்கு."

தூக்கினாள். நீண்டது. அடுத்து கேசாக் தூக்கினார். அவருக்கும் நீண்டது. கடைசியில் ஒதிலே நாற்காலிமேல் ஏறி, நுனிக்காலில் நின்று, உத்தரம்வரை இழுத்தாள். அறுகிற வழியாக இல்லை.

"வம்சமும் இல்ல, நிழலும் இல்ல. சூடுதான் தலைவரே. கொதிச்சா திரிஞ்சுரும், கொதிக்கலேன்னா நீளும்."

கூடம் அதிர்ந்தது. கேசாக் சுருட்டி வைத்திருந்த சான்றிதழை விரித்துவிட்டு நெளிந்தார். "ஒதிலம்மா... இதுல ரெஜிஸ் பேரு முன்னாலயே அச்சாயிருச்சு. அடுத்த வருஷம் மாத்திக்கலாமே."

ஒதில் பானையை மேசையில் இறக்கி மூடினாள். மூடிமேல் துணி போட்டு, பருத்த தோளைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"அப்ப அலிகோவும் அடுத்த வருஷந்தான்."

எட்டுத் தொப்பைகளும் பானையைப் பார்த்தன. ஆவி மூடியின் ஓரம் வழியே கசிந்து மூக்கைத் துளைத்தது. பின்வரிசைச் சகோதரர் ஒருவர் கெஞ்சும் குரலில், "அர்மான், ஒரு பேனாவுக்கா பஞ்சம்?" என்றார். கேசாக் பேனாவை எடுத்து ரெஜிஸ் வெசாத் என்ற பெயரை அடித்துவிட்டு, ஒதில் பிராதால் என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

ஒதில் அப்போதும் எழவில்லை. ரெஜிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவவில்லை. பலகையைத் துடைக்க ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"உன் பேருக்கு முன்னால என்ன போடணும்?" என்று அங்கிருந்து கத்தினார்.

"ஒண்ணும் வேணாம் மொதலாளி. பேரு போதும்."

பிறகுதான் மூடி திறந்தது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வெளியே நன்றாகச் சாப்பிட்டால், கல்லாவில் இருப்பவரைப் பாராட்டிவிட்டு நடையைக் கட்டாதீர்கள். சமையற்கட்டுக் கதவைத் தட்டி, சமைத்தவரின் பெயரைக் கேளுங்கள். கேட்டதைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.