ஓரி சிலைக்கு எதிரே நாலு அறை

ஆடிப்பெருக்கு முடிந்த மறு வாரம், செவ்வாய்க்கிழமை, கொல்லிமலைக்குப் போய்வந்தேன். செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரி சிலையைப் பார்க்கத்தான் போனேன். நான் கும்பிடப் போகவில்லை, படம் எடுக்கவும் போகவில்லை. அந்தச் சிலையை நம்பி எத்தனை பேர் வருவார்கள், வந்தால் இரவு தங்குவார்களா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு வீட்டில் கேட்டிருந்தார்கள்.

நாமக்கல்லில் நான் மிளகு, கடுகு, சீரகம் மொத்த வியாபாரம் செய்கிறேன். பேளுக்குறிச்சிச் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஆரம்பித்தவன். அந்தக் காலத்திலிருந்து எனக்கு மிளகு போடுகிறவர் கொல்லிமலையின் குண்டூர் நாட்டு விவசாயி பொன்னுசாமி. மிளகு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்காமலே அவர் மூட்டையை வாங்கலாம். இரண்டு வருடத்துக்கு முன், ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கிற ஓரி விழாக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, செம்மேட்டில் சிலை தெரிகிற தூரத்தில் நாலு அறை கட்டினார். குடும்பமும் அங்கேயே குடிவந்துவிட்டது. இப்போது மாடியில் இன்னும் நாலு அறை, கீழே ஒரு மெஸ் என்று ஆசை. அதற்காக மலங்காட்டில், அதாவது மலைச்சரிவு மிளகுத் தோட்டத்தில், இருக்கிற சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்கப் போவதாகச் சொன்னார்.

கீழ்நாட்டு ஆட்களுக்காகச் சொல்கிறேன்: இந்த மலையில் மிளகுக்கொடி ஏறுவது அந்த மரங்களின் மேல்தான். மரம் போனால் கொடியும் போனது. புதுக் கொடி நட்டால் காய்க்க மூன்று வருடமாவது ஆகும்.

போன் செய்தது அவர் மனைவி பாப்பாயி. "ஏனுங்ணா, நீங்க வந்து ஒருக்கா சிலையப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க. நீங்க ஆகாதுன்னா மரத்தத் தொடமாட்டேன்னு இவரு ஒத்துக்கிட்டாருங்க. என்ற பேச்சத்தான் கேக்கமாட்டீங்கறாரு, யாவாரி பேச்சாவது கேக்கட்டும்."

ஒரு தோட்டத்தின் கதி என் வாயில் என்று ஆனபிறகு போனிலேயே தீர்ப்புச் சொல்ல முடியுமா? வாடகைக் கார் பிடித்தேன். போகவர மூவாயிரத்து இருநூறு. பஸ் பிடிக்கிறவர்கள் நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ ஏறலாம், காசு மிச்சம், ஆனால் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டு, சேந்தமங்கலத்தில் டீ குடித்து, காரவள்ளி அடிவாரத்தை ஏழேகாலுக்குத் தொட்டோம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. டிரைவர் குமரேசன் முதல் வளைவிலேயே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, வாந்தி வரும்னா முன்னாடியே சொல்லிப்போடுங்க. போன வாரம் ஒருத்தரு அறுபத்தொம்பதாவது வளைவு வரைக்கும் வீரமாத்தான் வந்தாருங்க."

எனக்கு வரவில்லை. ஆனால் முப்பதுக்கு மேல் மழைத்தூறல், நாற்பதுக்கு மேல் பனிமூட்டம். பக்கத்தில் பள்ளமா காடா என்று தெரியவில்லை. காட்சி பார்க்கவென்று மலை ஏறுகிறவர்கள் ஆடி, ஆவணியை நம்ப வேண்டாம்.

செம்மேடு போய்ச் சேர எட்டரை. ஓரி குதிரை மேல் இருக்கிறார். முதலில் குதிரையின் கால்தான் தெரிந்தது, மூட்டம் விலக விலக மேலே ஆள் தெரிந்தார். கழுத்தில் விழாவுக்குப் போட்ட மாலைகள், பூ அழுகி நார் மட்டும் தொங்கியது. சுற்றிலும் தண்ணீர் பாட்டில், கிழிந்த பேனர், மழையில் ஊறிய காகிதத் தட்டு.

வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஓரி இந்த மலையை ஆண்டவர், கடையெழு வள்ளல்களில் ஒருவர். வில்லில் அவருக்கு நிகர் இல்லை. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் நின்றதாகச் சொல்வார்கள். அவரைப் போரில் கொன்றவர் காரி. அவரும் வள்ளல்தான். காரி ஜெயித்த மலையைச் சேரனிடம் கொடுத்துவிட்டார். கொடுத்தே பழகிய இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், சொத்து மூன்றாவது ஆளுக்குப் போனது. வியாபாரத்தில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மதியம் வரை பார்த்தேன். எங்கள் தொழிலில் கடை பிடிக்கும் முன் அந்தத் தெருவில் சும்மா உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். எவ்வளவு பேர் போகிறார்கள் என்பது கணக்கே இல்லை, எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

வண்டிகள் வந்தன. இல்லை என்று சொல்லமாட்டேன். பைக்கில் வந்த பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே செல்ஃபி எடுத்தார்கள். ஒரு வேனிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. சின்னப் பெண் கேட்டாள், "அப்பா, இது யாரு?"

"ராஜா."

"எந்த ராஜா?"

"பழைய ராஜா. ஏறு ஏறு, மழை வருது."

போகிறபோது அந்த அப்பா டீக்கடைக்காரரிடம் அருவிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார். எல்லோரும் கேட்டது அது ஒன்றைத்தான். ஆகாயகங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகிறவர்களுக்குச் சிலை வழியில் கிடைக்கிற ஒரு படம். உட்கார நிழல் இல்லை, மழைக்கு ஒதுங்கக் கூரை இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஓரியின் மேல் எனக்குக் குறை கிடையாது. ஐந்து நிமிடம் நிற்கிற ஆளை நம்பி அறை கட்டக்கூடாது, அவ்வளவுதான்.

மதியம் பொன்னுசாமி வீட்டில் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. நாலு அறையும் பூட்டிக் கிடந்தன. சாப்பிட்டுக் கை கழுவியதும் சொல்லிவிட்டேன். "பொன்னுசாமி, இருக்கிற நாலு அறை சனி ஞாயிறு ஓடும். மேலே கட்டினால் பூட்டுக்குத்தான் வேலை. மரத்தை விட்டுடுங்க."

அவர் முகம் விழுந்தது. "நீங்க தூறல்ல வந்து பாத்துப்போட்டுச் சொல்றீங்க. விழா அன்னைக்கு வந்திருக்கோணும். இந்த ரோட்டுல கால் வெக்க எடமில்லீங்க."

பாப்பாயி சிரித்தார். "அது ரெண்டு நாளுங்க. ஓரி ராசா தெனைக்கும் விழா கொண்டாடுவாருன்னு நெனச்சுக்கிட்டாரு இவரு."

"நீ சும்மா இரு."

"நான் எதுக்குச் சும்மா இருக்கோணும்? அண்ணன் சொல்லிப்போட்டாரு, முடிஞ்சுது. வாங்கண்ணா, இந்த வருசம் கொடியில சரம் எப்படிப் புடிச்சிருக்குன்னு பாத்துப்போட்டுப் போலாம். இங்க ஊடு கூட்டவும் போர்வை தொவைக்கவுமே எனக்குச் சரியாப் போச்சு. நான் போயே இருவது நாளாச்சு."

பொன்னுசாமி வேண்டாம் என்றார். வழி சேறு, அட்டை ஏறும், கார் இறங்காது. குமரேசன் விட்டுக்கொடுக்கவில்லை. "நம்ம வண்டி போகாத எடமா?" போனோம். முக்கால் மணி நேரம்.

ரோட்டிலிருந்து பார்க்க எல்லாம் பச்சை. மரத்துக்கு மரம் கொடி ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஏறியிருந்தது. நல்ல சரம். எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. கிட்டப் போய் ஒரு இலையைப் பிடித்தேன். மழையில் நிற்கிற மிளகு இலை விறைப்பாக இருக்க வேண்டும். இது ஈரத்துணி மாதிரி கையில் மடங்கியது. அடுத்த மரமும் அப்படித்தான். குனிந்து தூரைப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கொடி வெட்டப்பட்டிருந்தது. எல்லா மரத்திலும் அதே உயரம், அதே கொடுவாள் வெட்டு.

மரம் வெட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். முன்னாலேயே கொடியின் தூரை அறுத்துவிட்டால் அது காய்ந்து பிடி விட்டுவிடும், மரம் இறக்கச் சுலபம். அறுத்தது தெரியாமல் மேல் கொடி சில நாள் பச்சையாகவே நிற்கும், அதிலும் இந்த மழையில்.

பாப்பாயியும் பார்த்துவிட்டார். பொன்னுசாமி வரப்பிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை லாரி வருதுங்க," என்றார் என்னிடம். "மர யாவாரிகிட்டச் சொல்லிப்போட்டேன். நீங்க எப்படியும் அறை ஓடும்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க. நீங்க சொன்னா இவளும் சரின்னுருவா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைக் கூப்பிடப் பாப்பாயியை விட்டதே இதற்காக. என் யோசனை அவருக்குத் தேவைப்படவில்லை, என் வாய்தான் தேவைப்பட்டது. நான் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், அப்போது கொடி உயிரோடு இருந்திருக்கும். அதை அங்கே சொல்லவில்லை.

பாப்பாயி திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நேராக வரப்புக்குப் போய்ப் பொன்னுசாமி இடுப்பிலிருந்த கொடுவாளை உருவிக்கொண்டு வந்தார். வாடாமல் இருந்த கொடியாகப் பார்த்து இழுத்து, கணு கணுவாக நறுக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, இந்தத் துண்டு ஊனுனா வேர் விடுமுங்களா?"

"மழை இருக்குது அம்மிணி. பாதி விட்டாலும் விடும்."

"மரம் இருந்தாத்தான ஏத்தறது," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

பொன்னுசாமி வரப்பிலிருந்து இறங்கி வந்தார். போனை எடுத்தார், சிக்னல் இல்லை. மேட்டுக்கு ஏறிப் போய்ப் பேசினார். கத்திப் பேசினார், பிறகு கெஞ்சினார். இறங்கி வந்து, "லாரி வராது," என்றார். பாப்பாயி தலை நிமிரவில்லை. அவர் நறுக்கிப் போட்டதையெல்லாம் குனிந்து பொறுக்கிக் கட்டுக் கட்டினார் பொன்னுசாமி. நாங்கள் மலை இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சிலைக்கென்று தனியாக மலை ஏற வேண்டாம், அருவிக்கும் கோயிலுக்கும் போகிற வழியில் இறங்குங்கள். ஆனால் இறங்கினால் பிள்ளைகளுக்கு அது யார் என்று சொல்லுங்கள். மூட்டம் பத்தரைக்கு மேல்தான் விலகும். குடையும் கனத்த போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கையில் வைத்திருங்கள், போன் எல்லா இடத்திலும் எடுக்காது. முடிந்தால் வார நாளில் ஒரு இரவு தங்குங்கள். சிலைக்கு எதிரே நாலு அறை இருக்கிறது. சுத்தமாக இருக்கும், சுடுதண்ணீர் வரும், சாமைச் சோறு கேட்டால் அந்த அம்மா ஆக்கித் தருவார்.

மிளகு மட்டும் அவரிடம் விலைக்குக் கேட்காதீர்கள். இன்னும் மூன்று வருடத்துக்குக் கேட்காதீர்கள்.