சிவப்புப் பென்சில் புள்ளிகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு கண் மருத்துவமனை வைத்திருந்தேன். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கைக்கருவி ஒன்று என்னிடம் இருந்தது. உடம்பைக் கீறாமல் ரத்தக்குழாய்களை நேரே பார்க்க வேண்டுமானால் கண்ணின் பின்சுவர்தான் இடம். அதைப் படம்பிடிக்கும் வசதி எனக்கு இல்லை. பார்த்ததைப் பென்சிலால் வரைந்து வைப்பேன். அடுத்த முறை வரைவதோடு ஒப்பிட்டு, நோய் முற்றுகிறதா என்று கணிப்பேன்.

என் நண்பன் பள்ளியில் ஓவிய ஆசிரியன். அவனுக்கும் என் சித்தப்பா மகளுக்கும் நானே கல்யாணம் பேசி முடித்திருந்தேன். தலைவலி என்று வந்தான். கருவியை வைத்துப் பார்த்தேன். குழாய்கள் கம்பிபோல் ஒடுங்கியிருந்தன. பக்கத்தில் ரத்தக் கசிவுகள். ரத்த அழுத்தத்தையும் அளந்தேன். முப்பது வயதில் இருக்கக்கூடாத அளவு. சிறுநீரகம் கெட்டிருக்குமோ என்று பயந்தேன். எப்போதோ அவன் கொடுத்திருந்த வண்ணப் பென்சில்களாலேயே வரைந்தேன்.

எட்டிப் பார்த்துச் சிரித்தான். “என்ன மச்சான், என் கண்ணா இது, கொத்தமல்லி வேரா? அம்புட்டும் கோணல். இந்தச் செவப்புப் புள்ளியெல்லாம் என்ன?”

“கை தவறிருச்சுடா. உப்பக் கொறச்சுக்க, சரியாயிரும்.”

கல்யாணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு மாதா கோவிலில் அவர்களுடைய கல்யாண ஓலையை, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பை, முதல்முறையாக வாசித்தார்கள். தடை எதுவும் அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வழக்கம்போல் முடித்தார். எனக்கே சொன்னதுபோல் இருந்தது. பூசை முடிந்ததும் அவரிடம் போனேன்.

“வியாதி தடையாகாதுப்பா. மொதல்ல அவன்கிட்டச் சொன்னியா?” என்றார்.

இல்லை. அப்போதும் அவனிடம் போகவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை.

மறுநாள் அவன் அந்தத் தாளோடு வந்தான். சித்தப்பா அதை அவன் கையில் கொடுத்துத்தான் சம்பந்தம் வேண்டாம் என்றிருக்கிறார்.

“கை தவறிருச்சுன்னீங்களே, டாக்டர்?”

அதுவரை அவன் என்னை அப்படி அழைத்ததில்லை.

“என் கண்ணுல இருக்கிறத எனக்கு முன்னாடி உங்க சித்தப்பா பாத்துட்டாரு.”

உட்காரச் சொன்னேன். மறுபடி பார்க்கவேண்டும் என்று கருவியை எடுத்தேன். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். நான் அதை மேசைமேல் வைத்த சத்தம் கேட்ட பிறகே திறந்தான். எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையும் தொடவில்லை.

இரண்டு வருடத்தில் இறந்துபோனான். வேறு எந்த மருத்துவரிடமும் அவன் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், என் மருந்தையாவது நம்பித் தின்றிருப்பான்.