எட்டு யாரையும் கொல்லவில்லை

இல்லை, எட்டு அவரைக் கொல்லவில்லை. செத்தவீட்டில் என்னிடம் இதைக் கேட்ட எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வனிதா அக்காவைக் கொன்றது டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது நான் கடையில் ஒருவரின் போனுக்கு ரீலோட் போட்டுக்கொண்டிருந்தேன். கதிரையிலிருந்த முதலாளி சொன்ன முதல் வார்த்தை: “நான் அப்பவே சொன்னன், அந்த எட்டு நம்பர் வேணாமெண்டு.”

எங்கள் உடப்பு ஊரில் சிம் விற்றவர்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவர் நம்பரைப் பார்த்ததும் இலக்கங்களைக் கூட்டுவார். வந்ததை மறுபடி கூட்டுவார். எட்டில் முடிந்தால் சனி என்று திருப்பித் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளப்பட்ட ஒன்றைத்தான், என்னோடு கடையில் வேலைக்கு நின்ற அக்கா தனக்கு எடுத்தார்.

“கூட்டினா எட்டு வருதெண்டா, ஒன்பதால பிரிக்க எட்டு மிஞ்சும். அவ்வளவுதான் சங்கதி. மீனுக்கு இது தெரியாது” என்றார்.

“உனக்குத் தெரிஞ்சது மீனுக்குத் தெரியாதாக்கும்!” என்று படகுச் சம்மாட்டி ஒருவர் சிரித்தார்.

ஆள் வராத நேரங்களில் அக்கா கல்குலேட்டரை எடுத்து அந்த நம்பரைப் பிரித்துப் பார்ப்பார். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று பகா எண்களாகவே போவார். மாதக்கணக்கில்.

“கோடிக்கணக்கான நம்பர் எல்லோ. இது எப்ப முடியும்?” என்று கேட்டேன்.

“இருபத்தெட்டாயிரம் வரைக்கும் போனாக் காணும். அதுக்கு மேல ஒரு பெரிய எண் பிரிச்சா, அதுக்குச் சோடியா ஒரு சின்ன எண்ணும் பிரிக்கத்தான் வேணும். சின்னது இல்லையெண்டா பெரிசும் இல்ல.”

கடைசிவரை ஒன்றும் பிரிக்கவில்லை. பகா எண்! அன்று கடையில் நின்ற எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக்கொடுத்தார். “விசர்” என்றார் முதலாளி, தன் கோப்பையைக் குடித்துக்கொண்டே.

கோயில் திருவிழா. கடையில் சனம். அக்கா காய்ச்சலோடு வந்து நின்றார். “ரெண்டு நாள் லீவு தாங்க, முதலாளி. நிக்க ஏலாம இருக்கு.”

“திருவிழா முடியட்டும். குளிசையப் போட்டுட்டு நில்லு.”

நான் பக்கத்திலேயே நின்றேன். எல்லாம் கேட்டது. அதே வாய்தான் செத்தவீட்டில் எட்டைப் பற்றிக் கதை கதையாக அளந்தது. எண் எழும்பி நின்று மறுத்துப் பேசாது. அதனால் எந்தப் பழியையும் அதன் தலையில் கட்டலாம். நீங்களும் தலையாட்டினீர்கள். அக்காவின் அம்மாவே நம்பிவிட்டார். “அந்தச் சிம்மை உடைச்சுக் கடல்ல போடு தம்பி” என்று என் கையில் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, அக்கா லீவு கேட்டவ. இவர் குடுக்கல்ல.”

முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே என் வேலை போய்விட்டது. போகட்டும். அம்மா என் விரல்களை அந்தச் சிம்மோடு சேர்த்து மூடினார். “உடைக்காத. வச்சிரு.”

என் போனில் போட்டு வைத்திருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், ஒருவராலும் பிரிக்க முடியாத ஓர் எண். செய்தி தெரியாதவர்கள் இன்னும் அந்த நம்பருக்கு அழைப்பு எடுக்கிறார்கள். காய்ச்சலையும் சொல்கிறேன், கிடைக்காத லீவையும் சொல்கிறேன். இந்தா, போன் அடிக்கிறது. நான் போகவேண்டும்.