ஒன்பதாம் வகுப்பில் கடல் உள்வாங்கியது

1. ஜன்னல் அதிர வேண்டும்

2004-ல் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் சேர்ந்தேன். கல்ஃபிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் மாட்டும் வேலை. முதல் நாள் போன வீட்டின் சொந்தக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "படம் எப்படித் தெரிஞ்சாலும் சரி தம்பி. சத்தத்துல ஜன்னல் அதிரணும், கேட்டியா?" சப் ஊஃபர் என்ற அடிச்சத்தப் பெட்டியை மூலையில் வைத்தால் பேஸ் கூடும் என்று சீனியர் காட்டித் தந்தார். ஜன்னல் அதிர்ந்தது. அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி. எங்கள் வீடு கடலில் இருந்து தள்ளி. கடையில் இருந்த அத்தனை டிவியிலும் ஒரே அலை ஓடியது. நான் கண்ட சுனாமி அவ்வளவுதான்.

பிறகு டிவிடி போய் பென்டிரைவ் வந்தது. ஆட்கள் போனிலேயே படம் பார்க்கத் தொடங்கினார்கள். ஹோம் தியேட்டர் ஆர்டர் குறைந்தது. பள்ளிகளில் ஸ்மார்ட் கிளாஸ் வந்த நேரம் அது. நானும் அதை மாட்டித் தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

2. டெமோ

சுனாமி கழிந்து ஏழு வருடம் இருக்கும். கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர் மாட்டினேன். தாளாளர் ஃபாதர் வந்து பார்த்தார். "சவுண்ட் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்" என்றார். கூட்டி வைத்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த டிரெயினர் திருச்சிக்காரர். சமூக அறிவியல் பாடத்தில் டெமோ காட்ட 'இயற்கைப் பேரிடர்கள்' என்பதைத் திறந்தார். முதலில் கடலுக்கடியில் பூமித் தட்டுகள் நகரும் அனிமேஷன். பிள்ளைகள் "ஹை" என்றார்கள். அடுத்து கடல் பின்வாங்கி, வெறும் மணல் தெரிந்தது. அதன்பின் நிஜ வீடியோ. அலை. பேஸ் என் காலுக்கடியில் தரையை உலுக்கியது.

ஒரு பையன் ஜன்னல் வழியாக வெளியே குதித்தான். பெஞ்சுகள் சரிந்தன. பிள்ளைகள் கதவில் முட்டிக்கொண்டு அலறினார்கள். "ஆஃப் பண்ணுங்க அண்ணே! ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினார் அந்த வகுப்பின் ஜெசிந்தா டீச்சர். எனக்கு ரிமோட் எங்கே என்று தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

டிரெயினர் சுவரோடு சுவராக நின்றார். "சிலபஸ்ல உள்ளதுதானே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வயசுப் பிள்ளைகள் அன்றைக்கு ஆறேழு வயசில் இதே கரையில் நின்றவர்கள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

டீச்சர் வராந்தாவில் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் மட்டும் வகுப்பைவிட்டு வெளியே போகவில்லை. பேர் மெர்லின். அணைந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, வெளிய வா" என்றார் டீச்சர்.

"டீச்சர், அந்த மணல் தெரிஞ்ச இடம். அத மட்டும் ஒருக்கா போடச் சொல்லுங்க. சத்தம் வேண்டாம்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிளக்கை மறுபடி மாட்டி, சவுண்டை மியூட் செய்து, அனிமேஷனை அந்த இடத்தில் நிறுத்தினேன். மெர்லின் எழுந்து போய் வெறும் மணலில் விரல் வைத்தாள்.

"எங்க அம்மா இங்கதான், கடல் விட்டுட்டுப் போன மீனப் பெறக்குனா. கடல் உள்ள போனா ஓடணும்னு அன்னைக்கு யாருக்காவது தெரியுமா டீச்சர்?"

"எனக்கும் தெரியாது மக்கா. டீச்சர் நான், எனக்கே தெரியாது."

"பின்ன ஏன் எங்க அப்பா, அவ மீனுக்கு ஆசப்பட்டுச் செத்தான்னு சொல்றாரு?"



3. அவர் வந்தார்

அடுத்த வாரம் சப் ஊஃபரைக் கழற்றப் போனேன். வகுப்பு வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மெர்லினின் அப்பா. டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளின் பெஞ்சில் கால் மடக்க இடமில்லாமல் உட்கார்ந்தார். அந்த அனிமேஷனைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினேன். நிஜ வீடியோ வரும் முன்பே நிறுத்திவிட்டேன். இன்னொரு முறை போடச் சொன்னார். மெர்லின் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நான் அன்னைக்குப் பூசைக்குப் போயிட்டேன்" என்றார். "கரையில நின்னிருந்தா நானும் மீன் பெறக்கத்தான் போயிருப்பேன். எனக்கு இது தெரியாதே பிள்ளே."

மெர்லின் அவர் தோளில் கை வைத்தாள். அவர் வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். வயரிங், படமும் சத்தமும் சரிசெய்யும் காலிபரேஷன் எல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிடும். டெமோ போடுவதற்கு முன்னால் அந்த வகுப்பு டீச்சரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். முன்னால் உட்காரப் போகும் பிள்ளைகள் எதையெல்லாம் பார்த்தவர்கள் என்று கேளுங்கள். எங்களை அனுப்பிய கம்பெனியில் அதை யாரும் கேட்டதில்லை.