மூன்றாம் சனிக்கிழமை நண்டு

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மலேசியாவின் புக்கிட் ரோத்தான் முழுவதும் சைவம் சாப்பிடும் நாளில், கடலோரச் சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு கூடை உயிர் நண்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள் துளசி. பின்னால், அவளோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் வியட்நாம்காரி லான் கூடையைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நாளைக்கெல்லாம் கடல் வத்திப் போயிடுமா?" கணவன் திருச்செல்வம் வாசலிலேயே மறித்தான்.

"அவளுக்கு மாசத்துல ஒரே நாளுதான் லீவு. பெருமாள் கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட அனுப்புங்க லா, நான் பேசிக்கிறேன்."

லானின் விடுதியில் அடுப்பு கூடாது என்பது முதலாளியின் சட்டம். பன்னிரண்டு பேருக்கு ஓர் அறை. அவள் கைகளை மட்டும் கணக்கெடுத்துக் கொண்டுவந்தவர்களுக்கு, அவளுக்கு ஒரு நாக்கும் உண்டு என்று தோன்றவேயில்லை. தன் ஊர் நண்டு தக்காளி சூப்பைக் குடித்து மூன்று வருடம் ஆகிறது என்று அவள் சொன்ன அன்றே துளசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நண்டை ஓட்டோடு இடித்து, நீரில் கரைத்து வடிகட்டி, சிறு தீயில் ஏற்றினார்கள். சதை தானாகத் திரண்டு மேலே மிதக்க வேண்டும். ஆனால் துளசியின் கை, நண்டு ரசம் வைத்துப் பழகிய கை. கரண்டியோடு பானைக்குள் இறங்கப் போனது.

"ஜாங்ஙான் காச்சாவ்!" கிண்டாதே என்று மலாயில் அலறினாள் லான். கலைந்தால் வேறு நண்டும் இல்லை, வேறு நாளும் இல்லை.

துளசி கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். இருவரும் மூச்சுவிடாமல் பானையைப் பார்த்தார்கள்.

வாசலில் பக்கத்து வீட்டுத் திலகாவின் குரல். "என்னண்ணே வாசம்?"

"தக்காளி ரசம்மா" என்றான் திருச்செல்வம்.

"பொய்க்கா! நண்டு!" உள்ளேயிருந்து கத்தினாள் துளசி.

அந்தக் கணத்தில் பழுப்புப் பஞ்சுபோல் சதை எழும்பி, பானை முழுக்க மிதந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் தட்டுகள் ஆடின.

வதக்கிய தக்காளியைச் சேர்த்து, மீஹூன் என்னும் அரிசிச் சேமியாமேல் ஊற்றினார்கள். துளசிக்கு முதல் வாயிலேயே காது சூடேறியது; அப்படியொரு புளிப்பு, அப்படியொரு இனிப்பு. லானிடமிருந்து உறிஞ்சும் சத்தம் மட்டும்.

தயிர்சோற்றோடு வெளியே உட்கார்ந்திருந்த திருச்செல்வம் திரும்பாமலே கேட்டான். "இந்தப் பொண்ணுக்கு அடுத்த லீவு எப்ப?"

"ஐப்பசியில."

"அப்ப ரெண்டு கூடையா வாங்கு. இப்ப ஜன்னலச் சாத்துடி, மனுசன் விரதம் இருக்கேன்ல!"

லான் நான்காவது முறையாகக் கிண்ணத்தை நீட்டினாள்.