முனை இல்லாத முள்

போன வாரம் போளூரில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஈறில் மீன் முள். அந்த டாக்டர் பெண் அதை எடுத்ததும் தூக்கிப் போடவில்லை. வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, போட்டோ எடுத்தாள்.

"ரெக்கார்டுக்குங்க ஐயா. முழுசா வந்துச்சான்னு பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் எண்பதுகளிலேயே செய்தவன் — கேமரா இல்லாமல்.

ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன் நான். மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தரை கூட்டச் சேர்ந்து, மூன்றே வருடத்தில் காயம் கட்டும் டிரஸ்ஸர் ஆனேன். என் விரல் பார்க்காத வாய் அந்த மலையில் கிடையாது. எழுத்துதான் தகராறு. அதனால் ரிஜிஸ்டரில் படம்! வாயிலிருந்து எதை எடுத்தாலும் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலை ஓட்டிவிடுவேன். பக்கத்தில் பெயரும் விவரமும் நர்ஸ் சிஸ்டர் எழுதுவார்.

ஒரு நாள் காலை, சாமை பயிரிடும் சின்னாண்டி மனைவியோடு வந்தார். இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பத்து நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. கீழே செங்கத்தில் யாரோ புற்று என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சாவு விழுந்த முகம் இரண்டு பேருக்கும்.

விரலை விட்டுத் தடவினேன். உள்கன்னத்தில் ஒரு துளை, சுற்றிலும் சீழ்.

"கால்ல முள்ளு எடுத்தீங்களாண்ணே?"

வாய் வலிக்கிறவரிடம் காலைப் பற்றிக் கேட்கிறேனே என்று சிஸ்டர் என்னை முறைத்தார். சின்னாண்டி தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் சொன்னார்.

"எட்த்தாருங்க. காரச்செடி முள்ளப் பல்லுல கட்ச்சிக்கினு குந்தினு இருந்தாரு. மாடு இடிச்சி குப்புற வுழுந்தாரு. முள்ளு இன்னா ஆச்சின்னேன். துப்பிட்டேன்னாரு."

மலையில் எல்லாரும் அப்படித்தான். காலில் தைத்த முள்ளை இன்னொரு முள்ளால்தான் எடுப்பார்கள். இரண்டு கையாலும் காலைப் பிதுக்கும்போது, அந்த இன்னொரு முள் பல்லிடுக்கில் காத்திருக்கும். கீழே இருக்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

இடுக்கியால் இழுத்தேன். வந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து, "புத்துமில்ல, ஒண்ணுமில்ல. போய்ட்டுக் கஞ்சி குடிங்க" என்று அனுப்பிவிட்டு, ஜோராகப் பென்சிலை ஓட்டினேன்.

பெயர் எழுத வந்த சிஸ்டர் படத்தையே பார்த்தார்.

"இன்னாப்பா, ரெண்டு பக்கமும் மொட்டையா இருக்குது... முனை எங்க?"

சுருக்கென்றது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பாதிச் சரிவில் பிடித்தேன்.

"திரும்பி வாங்கண்ணே. இன்னும் கொஞ்சம் உள்ள கீது."

"இப்பதான ஒண்ணுமில்லன்ன?" என்றார் அவர் மனைவி. சின்னாண்டியின் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தேன்.

இரண்டாம் தடவை, அரிசி நொய் அளவுக்கு முள்ளின் முனை வந்தது. சிஸ்டர் ஊசி போட்டார். நாலாம் நாள் சின்னாண்டி ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து களி தின்றார். அந்த விழுங்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது...

"மொதல்ல போட்ட படத்த அழிச்சிடட்டா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"அழிக்காத. அவருக்கு வைத்தியம் பாத்தது அந்தப் படந்தாம்பா."

போளூரில் அந்தப் பெண் போட்டோவைக் காட்டினாள். கண்ணாடியை மாட்டி, முள்ளின் முனையைப் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு இறங்கினேன்.